யார் இந்த வீணை தனம்மாள்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெட்ராஸ் தேடிப்போன வீடு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனாலே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். நாளைக்கு லீவு, எங்கே போகலாம்? மால், புதுப்படம், ஈசிஆர் பக்கம் ஏதாவது லைவ் மியூசிக், இல்லேன்னா மார்கழி வந்தால் மயிலாப்பூர் சபா கேண்டீன். பாட்டு, டான்ஸ், சாப்பாடு எல்லாம் ஒரே ராத்திரியில் வேண்டும் என்கிற ஆசை இன்றைக்கு வந்தது கிடையாது. சுமார் 100 வருஷத்துக்கு முன்னாடியும் இதே ஊரில் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்காகக் காத்திருந்த கூட்டம் ஒன்று இருந்தது. அவர்கள் போனது மண்டபத்துக்கோ தியேட்டருக்கோ இல்லை. ஜார்ஜ் டவுனில் ஒரு பெண்மணியின் வீட்டுக்கு.

அவர் பெயர் தனம்மாள். ஊர் வைத்த பெயர் வீணை தனம்மாள். 1867-ல் பிறந்து 1938-ல் மறைந்தவர். அவர் வீட்டில் மைக் கிடையாது, மேடை கிடையாது, மிருதங்கம்கூடக் கிடையாது. ஒரு வீணை, கூடவே மெல்லிய குரல். அதைக் கேட்கத்தான் பெரிய பெரிய வித்வான்களே வந்து தரையில் உட்கார்ந்தார்கள்.

ஆவடியில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி சென்ட்ரலில் இறங்கி, வால்டாக்ஸ் ரோட்டைத் தாண்டி கிழக்கே நடந்தால் இன்றைக்கும் அந்த ஏரியாதான். தங்கசாலை, கோவிந்தப்ப நாயக்கன் தெரு, கொஞ்சம் தள்ளி தம்பு செட்டித் தெரு. எவர்சில்வர் கடை, பேப்பர் கடை, டிரை சைக்கிள் நெரிசல். இங்கே நின்றுகொண்டு, தென்னிந்திய இசையின் முக்கியமான விலாசம் ஒரு காலத்தில் இதுதான் என்று யாராவது சொன்னால் நம்புவது கொஞ்சம் கஷ்டம். ஆனால் மயிலாப்பூரும் தி.நகரும் சங்கீதத்துக்குப் பெயர் வாங்குவதற்கு முன்னால் கச்சேரி, பஜனை, நாட்டியம் எல்லாம் இந்தத் தெருக்களில்தான் நடந்தது.

தஞ்சாவூரிலிருந்து வந்த குடும்பம்

தனம்மாள் பிறந்தபோது அந்த ஏரியாவுக்கு ஜார்ஜ் டவுன் என்ற பெயரே இல்லை. வெள்ளைக்காரர்கள் அதைக் கருப்பர் நகரம் என்று அழைத்தார்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பட்டத்துக்கு வந்த பிறகுதான், 1911-ல், பெயர் மாறியது. ராயபுரத்திலிருந்து ஆவடி வழியாக வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது 1856 ஜூலை 1-ம் தேதி. அதற்கு 11 வருஷம் கழித்துப் பிறந்தவர் இவர். அதாவது மெட்ராஸ் ஒரு நவீன நகரமாக மாறிக்கொண்டிருந்த நேரம்.

அதே நேரத்தில் இன்னொரு ஊர் சரிந்துகொண்டிருந்தது. தஞ்சாவூரில் மராட்டிய அரசர் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் அந்த அரசை பிரிட்டிஷ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அரசவையை நம்பியிருந்த பாடகர்கள், நாட்டியக்காரர்கள், நட்டுவனார்கள் பிழைப்புக்கு வழி தேட வேண்டியிருந்தது. அப்போது காசும் ரசிகர்களும் இருந்த ஊர் மெட்ராஸ். துபாஷிகளும் வியாபாரிகளும் இருந்த ஜார்ஜ் டவுன்.

தனம்மாளின் குடும்பமும் தஞ்சாவூரிலிருந்து வந்ததுதான். பாட்டி காமாட்சி பெயர்பெற்ற நாட்டியக் கலைஞர். அம்மா சுந்தரம்மாள் பாடகி. அவர் பாட்டுக் கற்றுக்கொண்டது யாரிடம் தெரியுமா? சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரியிடம். அப்படியென்றால் தனம்மாள் வீட்டில் பாடிய சியாமா சாஸ்திரி கீர்த்தனைகள் மூலத்திலிருந்து இரண்டே கை மாறி வந்தவை.

ஒரு சின்ன விஷயம். இந்தக் குடும்பத்தில் பின்னால் வந்தவர்களின் பெயர்களைப் பார்த்தால் டி.பாலசரஸ்வதி, டி.பிருந்தா, டி.முக்தா, டி.விஸ்வநாதன் என்று எல்லாருக்கும் ஒரே இனிஷியல். அந்த 'டி' அப்பா பெயர் இல்லை. தஞ்சாவூர். தேவதாசி மரபில் வந்த குடும்பங்களில் வம்சம் பெண் வழியாகத்தான் எண்ணப்படும். சொத்தும் பெண்ணுக்கு, கலையும் பெண்ணுக்கு. இந்த வீட்டின் கதையைப் பாட்டி, அம்மா, மகள், பேத்தி என்று சொன்னால்தான் புரியும்.

யாரிடமெல்லாம் கற்றார்?

சின்ன வயதிலேயே தனம்மாள் அக்கம்பக்கத்தில் கவனிக்கப்பட்டார். தங்கை ரூபவதியோடு சேர்ந்து பாடுவார், தம்பி நாராயணசாமி வயலின். வீணையில் அழகியசிங்கரய்யா அவருக்கு ஆசிரியர். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளை, தீட்சிதரின் சீடர் வழியில் வந்த சாத்தனூர் பஞ்சநத ஐயரிடம் கற்றுக்கொண்டார். பதங்களைக் கொடுத்தவர் பாலதாஸ் நாயுடு. அவருக்குக் கண் பார்வை கிடையாது.

பதம் என்றால் என்ன என்று சொல்லாமல் மேலே போனால் இந்தக் கதை பாதிதான் புரியும். பதங்கள் பெரும்பாலும் தெலுங்கில் எழுதப்பட்ட காதல் பாட்டுகள். 17-ம் நூற்றாண்டில் வாழ்ந்த க்ஷேத்ரய்யா எழுதியவைதான் இதில் பிரபலம். பாட்டில் பேசுவது பெரும்பாலும் ஒரு பெண். வராத காதலனைப் பற்றி, வேறொருத்தி வீட்டுக்குப் போய்விட்டு வந்தவனைப் பற்றி, தோழியிடம் சொல்லும் புலம்பல், கோபம், கிண்டல். மேலோட்டமாக நாயகன் கிருஷ்ணன். உள்ளே நடப்பது மனுஷ விவகாரம். இவற்றை ரொம்ப மெதுவாகப் பாடுவார்கள். ஒரு வரியிலேயே ராகத்தின் மொத்த முகமும் தெரிந்துவிடும். நாட்டியம் ஆடுபவர் ஒரே வரிக்கு விதவிதமாக அபிநயம் பிடிப்பதற்கு அந்த மெதுவான நடைதான் இடம் கொடுக்கும்.

ஜாவளி இதற்குத் தங்கை மாதிரி. அதுவும் காதல் பாட்டுதான், ஆனால் துள்ளல் ஜாஸ்தி, பேச்சு நேரடி. ஜாவளிகள் எழுதியவர்களில் முக்கியமானவர் தர்மபுரி சுப்பராயர். அவர் தனம்மாளுக்கு நெருங்கிய நண்பர். அவருடைய ஜாவளிகள் இன்றைக்கு மேடையில் ஒலிக்கின்றன என்றால், அதில் பெரும்பங்கு இந்த வீட்டின் வழியாகக் கைமாறி வந்ததால்தான்.

ஆக, சியாமா சாஸ்திரி அம்மா வழியில், தீட்சிதர் பஞ்சநத ஐயர் வழியில், க்ஷேத்ரய்யா பாலதாஸ் வழியில், ஜாவளி நண்பர் வழியில். அப்போது இதெல்லாம் முழுசாக அச்சில் கிடைக்காது. ரெக்கார்டிங் பட்டன் கிடையாது. ஒரு பாட்டைத் தெரிந்தவர் இறந்தால் பாட்டும் கூடவே போய்விடும் என்கிற நிலைமை. தனம்மாள் தன் தலைக்குள் சேர்த்து வைத்திருந்தது ஒரு லைப்ரரி.

வெள்ளிக்கிழமை என்ன நடக்கும்?

வாரா வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டிலேயே கச்சேரி. தனம்மாள் வீணையை எடுத்துச் சுருதி சேர்ப்பார். வாசிப்பார். நடுநடுவே வீணையோடு சேர்ந்து தாழ்ந்த குரலில் பாடுவார்.

இதில் கவனிக்க வேண்டியது அவர் வாசித்த முறை. வீணை வாசிப்பவர்கள் பலர் வலதுகை விரல்களில் மிஸ்ராப் என்ற கம்பியை மாட்டிக்கொண்டு தந்தியை மீட்டுவார்கள். சத்தம் கணீர் என்று வரும். தனம்மாள் அதை மாட்டிக்கொள்ள மாட்டார். வெறும் விரல்தான். அதனால் நாதம் மிருதுவாக இருக்கும், ஆனால் சன்னமாகவும் இருக்கும். வீணைக்கு 24 மெட்டுகள், 7 தந்திகள். அதில் 4 வாசிப்பதற்கு, 3 தாளத்துக்கு. இடதுகை விரல் தந்தியை மெட்டின் மேலேயே பக்கவாட்டில் இழுக்கும்போதுதான் கமகம் பிறக்கிறது. ஒரு தடவை மீட்டிவிட்டு, அந்த நாதம் அடங்குவதற்குள் இழுப்பிலேயே மூன்று நான்கு ஸ்வரங்களைக் காட்டிவிடலாம். அந்த அடங்கிக்கொண்டே போகிற சத்தத்தில்தான் விஷயமே இருக்கிறது.

இப்போது புரிகிறதா, மிருதங்கம் ஏன் இல்லை என்று? பக்கத்தில் ஒருத்தர் தாளம் தட்டினால் இந்தச் சத்தம் மூழ்கிவிடும். கேட்க வந்தவர்கள் தொண்டையைச் செருமினால்கூட ஒரு ஸ்வரம் காணாமல் போகும். அதனால் அந்தக் கூடத்தில் நிசப்தம் கட்டாயம். அரட்டை, சலசலப்பு எதுவும் தனம்மாளுக்குப் பிடிக்காது. அந்த அமைதியைப் பற்றி ஒரு பயமும் பக்தியும் கலந்த பேச்சு சங்கீத உலகத்தில் கடைசி வரைக்கும் இருந்தது. இன்றைக்கு ஸ்பீக்கர் அதிர நெஞ்சுக்குள் பேஸ் இறங்கினால்தான் கான்சர்ட் என்று நினைக்கிறோம். இது அதற்கு நேர் எதிர்க்கோடியில் இருந்த விஷயம், ஆனால் ஆள் வந்தது இதற்கும்தான்.

வந்தவர்கள் யார்? அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மாதிரி மேடையில் கொடிகட்டிப் பறந்தவர்கள் இந்தக் குடும்பத்துக்கு நெருக்கம். வடக்கேயிருந்து மெட்ராஸ் வந்த இந்துஸ்தானி பாடகர் அப்துல் கரீம் கான்கூட இந்த வீட்டுக்கு வந்தவர். அவர் கர்நாடக சங்கீதத்திலும் ஆர்வம் காட்டியவர், தெலுங்குக் கீர்த்தனைகளைப் பாடிப் பார்த்தவர். வித்வான்களுக்கு இது ஓசி பொழுதுபோக்கு இல்லை, ஒருவகை டியூஷன். தாங்கள் மேடையில் வேகமாகக் கடந்து போகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வந்தார்கள்.

வீடே மேடையாக மாறும் இந்த வழக்கம் உலகத்தில் பல ஊர்களில் உண்டு. கியூபாவின் சாண்டியாகோ நகரத்தில் காசா தெ லா த்ரோவா என்று ஒரு இடம் இருக்கிறது. த்ரோவா என்பது கிடாரோடு பாடும் பாட்டு மரபு. அந்தப் பெயருக்கு, பாட்டுக்கான வீடு என்று தோராயமாக அர்த்தம் சொல்லலாம். சாயங்காலமானால் பாட்டுக்காரர்கள் அங்கே கூடுவார்கள், கேட்பவர்கள் எழுந்து ஆடுவார்கள். ஜார்ஜ் டவுன் வீட்டில் யாரும் எழுந்து ஆட முடியாது. ஆனால் பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவே இருக்கும் தூரம் இரண்டு இடத்திலும் ஒரு பாய் அகலம்தான்.

வெளியே மாறிக்கொண்டிருந்த ஊர்

இந்தக் கதவுக்கு வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அங்கேதான் இந்த வாழ்க்கையின் சிக்கல்.

தனம்மாளுக்கு 25 வயது இருக்கும்போதே மெட்ராஸில் நாட்டிய எதிர்ப்பு இயக்கம் ஆரம்பித்துவிட்டது. தேவதாசிகள் ஆடும் சதிர்க் கச்சேரிக்கு யாரும் போகக்கூடாது, கல்யாண வீடுகளிலும் விருந்துகளிலும் அவர்களை அழைக்கக்கூடாது என்று 1890-களில் படித்தவர்கள் கையெழுத்து வாங்கினார்கள். கோவிலுக்குப் பொட்டுக் கட்டி விடப்பட்ட சிறுமிகள் சுரண்டப்பட்டது நிஜம். அதை நிறுத்த வேண்டும் என்று போராடியவர்களில் முன்னணியில் நின்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அம்மாவே அந்தச் சமூகத்தில் பிறந்தவர். அதனால் இதை நல்லவர்கள், கெட்டவர்கள் என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் கெட்ட வழக்கத்தை வெட்டப் போன கத்தி, அந்தப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த கலையின் மேலும் அவர்கள் மரியாதையின் மேலும் சேர்த்தே விழுந்தது. அந்தப் பெண்கள் பாடினால் கேட்க ஆசை, ஆனால் அவர்கள் வீட்டுக்குப் போனதாக வெளியில் சொல்லத் தயக்கம். இந்த இரட்டை வேஷம் அந்தக் காலத்து மெட்ராஸ் முழுக்க இருந்தது.

இதே நேரத்தில் சங்கீதம் வீட்டை விட்டு ஹாலுக்குப் போக ஆரம்பித்தது. சபாக்கள் வந்தன, டிக்கெட் வந்தது. 1927 டிசம்பரில் மெட்ராஸில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஒரு இசை மாநாடு நடந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 1928-ல் தொடங்கிய மியூசிக் அகாடமி. அரியக்குடி கச்சேரியின் வடிவத்தையே மாற்றி அமைத்தார். முதலில் வர்ணம், அப்புறம் விறுவிறுவென்று கீர்த்தனைகள், நடுவில் பெரிய ராகம், கடைசியில் சின்னச் சின்ன உருப்படிகள். இன்றைக்கு டிசம்பர் சீசனில் நாம் கேட்பது அந்த ஃபார்முலாதான். அதில் பதத்துக்கும் ஜாவளிக்கும் கிடைத்த இடம் கடைசி பத்து நிமிஷம், பாதிப் பேர் செருப்பைத் தேடும் நேரம்.

தனம்மாள் இந்த ஓட்டத்தில் ஓடவில்லை. கூட்டத்துக்காகச் சத்தத்தைக் கூட்டவில்லை, வேகத்தைக் கூட்டவில்லை. பக்கவாத்தியம் சேர்த்துக்கொள்ளவில்லை. அது பிடிவாதமா, கொள்கையா என்றால் இரண்டும்தான் என்று தோன்றுகிறது. ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலை சின்னது இல்லை. பெயர் இருந்த அளவுக்குக் கையில் காசு இல்லை. பெரிய குடும்பம், தாராளமான கை, சுருங்கிக்கொண்டே வந்த ஆதரவு. கடைசிக் காலத்தில் கண் பார்வையும் போனது. பார்வை போன பிறகும் வீணை மட்டும் போகவில்லை. அதற்குக் கண் தேவைப்படவும் இல்லை.

பேத்தி ஆட ஆசைப்பட்டாள்

தனம்மாளுக்கு நான்கு மகள்கள். ராஜலட்சுமி, லட்சுமிரத்னம், ஜெயம்மாள், காமாட்சி. நான்கு பேரும் பாட்டுக்காரர்கள். தனம்மாளின் பாட்டி ஆடியவர், ஆனால் தனம்மாளும் சரி, மகள்களும் சரி, காலில் சலங்கை கட்டவில்லை. இந்தக் குடும்பத்தில் நாட்டியம் கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தது.

அப்போதுதான் ஜெயம்மாளுக்கு 1918-ல் ஒரு பெண் பிறந்தாள். பெயர் பாலசரஸ்வதி. அந்தக் குழந்தை மயிலாப்பூர் கௌரி அம்மாள் ஆடுவதைப் பார்த்துவிட்டு, நானும் ஆட வேண்டும் என்று பிடித்துக்கொண்டது. வேறு வீடாக இருந்தால் குழந்தைக்கு ஆர்வம் இருக்கிறது என்று கிளாஸில் சேர்த்துவிட்டுப் போவார்கள். இங்கே அப்படி முடியாது. ஊரே நாட்டியத்தை அசிங்கம் என்று பேசிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பேச்சு நேரடியாகக் குறிவைக்கும் சமூகத்தில் பிறந்த ஒரு சிறுமியை ஆடவிடுவதா? பாட்டு என்றால் வீட்டுக்குள் இருந்து பாடலாம். நாட்டியம் என்றால் எல்லார் கண்ணுக்கும் முன்னால் நிற்க வேண்டும். குடும்பத்துக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. அம்மா ஜெயம்மாள் பெண்ணின் பக்கம் நின்றார். அரியக்குடியும் ஆதரவாகப் பேசினார். கடைசியில் தனம்மாள் சம்மதித்தார்.

அந்தச் சம்மதம் எவ்வளவு பெரியது என்று இப்போது திரும்பிப் பார்த்தால்தான் தெரிகிறது. தஞ்சை நால்வர் பரம்பரையில் வந்த கந்தப்பப் பிள்ளை குரு. ரொம்பக் கண்டிப்பானவர். 1925-ல் காஞ்சிபுரம் அம்மனாட்சி அம்மன் கோவிலில் பாலாவின் அரங்கேற்றம் நடந்தபோது அவருக்கு வயது ஏழு. பின்னாளில் பாலா ஆடும்போது பாடியது அம்மா ஜெயம்மாள். பாடியது பாட்டி சேர்த்து வைத்த அதே பதங்கள். வெள்ளிக்கிழமை கூடத்தில் காதால் மட்டுமே கேட்கப்பட்ட பாட்டுக்கு மறுபடியும் கண்ணும் கையும் முகமும் வந்தது. இசையும் நாட்டியமும் இரண்டு கலை இல்லை, ஒன்றுதான் என்று பாலா கடைசி வரை நம்பியதற்குக் காரணம் அவர் வளர்ந்த வீடு.

மற்றப் பேரப்பிள்ளைகளும் சும்மா இல்லை. காமாட்சியின் மகள்கள் பிருந்தா, முக்தா, அபிராமசுந்தரி. பிருந்தாவும் முக்தாவும் காஞ்சிபுரம் நைனாப் பிள்ளையிடம் சிட்சை பெற்று ஜோடியாகப் பாடினார்கள். அபிராமசுந்தரி வயலின். லட்சுமிரத்னத்தின் மகன் டி.சங்கரன் வானொலியில் வேலை பார்த்தார், அந்தக் கால வித்வான்களைப் பற்றி ரசனையாக எழுதினார். பாட்டியைப் பற்றி நமக்கு இன்றைக்குத் தெரிவதில் கணிசமான பங்கு அவர் சொல்லித்தான். ஜெயம்மாளின் மகன்கள் ரங்கநாதன் மிருதங்கம், விஸ்வநாதன் புல்லாங்குழல். மிருதங்கமே இல்லாமல் வாசித்த பாட்டிக்கு ஒரு மிருதங்கக்காரர் பேரன்!

மூன்று நிமிஷத் தட்டு

தனம்மாளின் வாசிப்பு நமக்குக் கிடைத்ததே அதிர்ஷ்டம். 1930-களில், அறுபதைத் தாண்டிய வயதில், கொலம்பியா நிறுவனத்துக்காகச் சில இசைத்தட்டுகள் பதிவு செய்தார். அந்தக் கால 78 ஆர்பிஎம் தட்டில் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷம்தான் ஓடும். சாயங்காலம் முழுக்க மெதுவாக விரிய வேண்டிய சங்கீதத்தை மூன்று நிமிஷத்துக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள். கரகர சத்தத்துக்கு நடுவே வீணையும் அந்த வயதான குரலும் கேட்கும். முதல் தடவை கேட்டால், இதற்கா இவ்வளவு பேச்சு என்றுதான் தோன்றும். அதில் தப்பில்லை. அது ரெக்கார்டிங் கருவிக்காக வாசிக்கப்பட்ட சங்கீதம் இல்லை. மூன்றாவது தடவை கேட்கும்போது அந்த இழுப்புகள் ஒவ்வொன்றாகக் காதில் விழ ஆரம்பிக்கும்.

1938 அக்டோபர் 15-ம் தேதி தனம்மாள் காலமானார். வயது 71.

அவர் போவதற்குள்ளேயே ஊர் தலைகீழாக மாறியிருந்தது. அவமானம் என்று சொல்லப்பட்ட சதிர், பரதநாட்டியம் என்ற பெயரில் மரியாதையான கலையாக ஆகிக்கொண்டிருந்தது. மியூசிக் அகாடமி 1931-லேயே நாட்டியத்துக்கு மேடை கொடுத்தது. 1933-ல் பாலா அங்கே ஆடினார். ருக்மிணி தேவி 1936-ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். மேல்தட்டு வீட்டுப் பெண்கள் ஆட வந்தார்கள். கலை பிழைத்துக்கொண்டது. அதைப் பிழைக்க வைத்த பெண்கள்தான் மேடையிலிருந்து மெல்ல மெல்ல காணாமல் போனார்கள். 1947-ல் பொட்டுக் கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் மெட்ராஸ் மாகாணத்தில் வந்தது.

சிருங்காரப் பதங்களைக் குறைத்து, பக்தியைத் தூக்கிப் பிடிப்பதுதான் புது மேடையின் போக்காக இருந்தது. பாலா அதை ஏற்கவில்லை. பாட்டி வீட்டில் கேட்ட காதல் பாட்டில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது அவர் நிலைப்பாடு. இந்த இடத்தில் அவர் அப்படியே தனம்மாளின் பேத்தி. காலத்துக்கு ஏற்ற மாதிரி மாறு என்று சொன்னால் மாறாத குணம். அதற்கான விலையும் அதேதான். 1940-களின் கடைசியில் அவருக்கு வாய்ப்புகள் ரொம்பவே குறைந்து போயின. பிறகுதான் நிலைமை திரும்பியது. 1953-ல் மியூசிக் அகாடமியில் அவர் தலைமையில் நாட்டியப் பள்ளி, 1960-களில் ஜப்பான், அமெரிக்கா, எடின்பரோ விழா என்று வெளிநாட்டு மேடைகள். 1973-ல் சங்கீத கலாநிதி விருது. சங்கீத வித்வான்களுக்கென்று இருந்த விருது ஒரு நாட்டியக் கலைஞருக்குப் போனது. 1976-ல் சத்யஜித் ராய் அவரைப் பற்றி 'பாலா' என்றே ஒரு ஆவணப்படம் எடுத்தார்.

அதே 1976-ல் பிருந்தாவுக்கு சங்கீத கலாநிதி. பதம் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் பிருந்தாம்மாவிடம் போ என்று சொல்லும் அளவுக்கு அவர் பெயர் இருந்தது. எம்.எஸ்.சுப்புலட்சுமியே அவரிடம் பதங்கள் கற்றுக்கொண்டவர். ரங்கநாதனும் விஸ்வநாதனும் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தார்கள். ஜான் ஹிக்கின்ஸ் என்ற அமெரிக்கர் விஸ்வநாதனிடம் பாட்டுக் கற்று, மெட்ராஸில் கச்சேரி செய்து, ஹிக்கின்ஸ் பாகவதர் என்று பெயர் வாங்கினார். 1988-ல் விஸ்வநாதனுக்கும் சங்கீத கலாநிதி. ஒரே பாட்டியின் மூன்று பேரப்பிள்ளைகளுக்கு அந்த விருது.

தனம்மாளுக்குக் கிடைத்தது? 2010-ல் இந்திய அஞ்சல் துறை அவர் படம் போட்ட அஞ்சல்தலை வெளியிட்டது. இறந்து 72 வருஷம் கழித்து.

அந்த இசைத்தட்டுகளில் சில இன்றைக்கு யூடியூபிலேயே கிடைக்கின்றன. வீணை தனம்மாள் என்று தமிழில் தேடினாலே போதும். கேட்பதற்கு ஒரு யோசனை: சாயங்கால ட்ரெயினில் ஏறியதும் போடாதீர்கள், அந்த நெரிசலில் ஒன்றும் கேட்காது. ராத்திரி கடைசி வண்டிகளில் ஒன்றில், கூட்டம் குறைந்து சீட் கிடைத்த பிறகு, இயர்போனை மாட்டிக்கொண்டு போடுங்கள். பட்டரவாக்கத்தில் ஆரம்பித்தால் அம்பத்தூர் வருவதற்குள் ஒரு பக்கம் முடிந்துவிடும். ஆவடி வரைக்கும் போகிறவர்கள் மறுபடி ஒரு தடவை கேட்கலாம்.